நுவரெலியாவில் மாட்டிய பழைய கண்டிப் படங்களில் மண்ணிறப் புள்ளிகள்

வணக்கம். முன்விறாந்தையில் மாட்டிய கண்டி, கொழும்பு நகரக் காட்சி அச்சுப்படங்கள் மூன்றிலும் மண்ணிறப் புள்ளியும் நெளிவும் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலை, அவற்றை அந்த வெளிச்சுவரிலிருந்து இறக்குவது. இரவில் சுவர் குளிர, பிரேமுக்குள் உள்ள ஈரம் கண்ணாடியிலும் தாளிலும் படியும். இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவர்தான் நல்லது. குளியலறைச் சுவரும் நெருப்பிடத்துக்கு மேலும் வேண்டாம்.

பிறகு பிரேமின் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள். தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள், மை கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே தாள் பேணுநரிடம் (பழைய தாள்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பவரிடம்) கொடுங்கள். ஒட்டாவிட்டால், பின்பலகையான ஹார்ட்போர்டுக்கும் தாளுக்கும் நடுவே அமிலமற்ற அட்டை வையுங்கள். முன்னால் 2 மி.மீ. மவுண்ட் போர்ட் (படம் தெரிய நடுவில் வெட்டிய அட்டை) போட்டால் கண்ணாடி தாளில் படாது. செலோடேப் வேண்டவே வேண்டாம், அதன் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறையாகும். படத்தை அந்த அமிலமற்ற அட்டையில் பிடித்து வைக்க, மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் (மெல்லிய, உறுதியான தாள்) துண்டுகளை கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரத்தில் விரியும் தாளுக்கு இடமில்லாமல் மறுபடி நெளியும்.

பிரேமின் கீழ் மூலைகளில் 5 மி.மீ. தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்றோடும். புள்ளிகளை பிளீச்சால் துடைக்க நினைக்காதீர்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும்.