சிறையும் மனநலமும் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள் மகள்: இதில் வேலை இருக்கிறதா?

ஐயா, உங்கள் பெண் உளவியல் கடைசி ஆண்டில் இருக்கிறாள். முடித்ததும் ஆலோசகராகவோ சிகிச்சை உளவியலாளராகவோ ஆவாள் என்று நினைத்திருந்தீர்கள். இப்போது அவள் சிறை, நீதிமன்றம், மனநலத்துறை, ஆராய்ச்சி என்று பேசுகிறாள். "வக்கீலும் இல்லாமல் டாக்டரும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக நிற்பாளோ" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தத் துறைக்கு வேலையே அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அது புரிந்தால் உங்கள் கவலையில் பாதி தீரும். மீதிப் பாதி உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் என்ன பிரச்சினை என்று பார்ப்போம். 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மேற்கத்திய நாடுகள் 12-ல் நடந்த 62 கணக்கெடுப்புகளைச் சேர்த்து, ஏறத்தாழ 23,000 கைதிகளைப் பற்றிய தகவலைத் தொகுத்திருந்தார்கள். ஆண் கைதிகளில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் சைக்கோசிஸ் என்னும் தீவிர மனநோய். பத்துப் பேருக்குக் கடும் மனச்சோர்வு. வெளியே இருக்கிற பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. இத்தனை பேருக்கும் போலீஸில் ஒரு கோப்பு, நீதிமன்றத்தில் ஒரு கோப்பு, சிறையில் ஒன்று, மருத்துவமனையில் ஒன்று என்று இருக்கும். ஒரு கோப்பில் உள்ளது இன்னொன்றுக்குத் தெரியாது. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கைதாகும் அன்று மருந்தும் நின்றுவிடும். ஏன் நின்றது என்று கேட்டால் யாரும் தப்புச் செய்திருக்க மாட்டார்கள். அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் பார்த்திருப்பார்கள்.

உங்கள் பெண் பேசும் ஆராய்ச்சி இந்த இடைவெளிகளில் நடப்பது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1999-க்கும் 2003-க்கும் இடையில் சிறையிலிருந்து விடுதலையான 30,237 பேரின் பட்டியலை எடுத்து, நாட்டின் இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். புதிதாக ஒரு கேள்வித்தாள் கிடையாது, ஒரு பேட்டி கிடையாது. இரண்டு பழைய பதிவேடுகள் மட்டும். 2007-ல் முடிவு வெளியானது. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம், அதே மாநிலத்தின் மற்ற மக்களைவிட 12.7 மடங்கு. முதல் காரணம், அளவுக்கு மீறிய போதைமருந்து. உள்ளே இருந்த காலத்தில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் உயிர் போய்விடும்.

இதைப் படித்துவிட்டு "அடடா" என்று சொல்லி மூடி வைத்தால் அது வெறும் ஆராய்ச்சி. ஸ்காட்லாந்தில் 2011-ல் தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஹெராயின் போன்ற ஓபியாய்ட் வகைப் போதையில் மூச்சு நிற்கப் போகிறவரை மீட்கும் நலாக்சோன் மருந்தை, அபாயத்தில் இருப்பவர்களுக்கு, குறிப்பாகச் சிறையை விட்டுப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஓபியாய்ட் தொடர்பான சாவுகளில் 9.8 சதவீதம், ஒருவர் சிறையிலிருந்து வந்த நான்கு வாரத்துக்குள் நடந்தவை. திட்டம் வந்த பிறகு அது 6.3 சதவீதம். எங்கே ஆபத்து என்று கண்டுபிடிப்பது, அங்கே என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது, செய்தது பலித்ததா என்று திரும்ப அளப்பது. இந்த மூன்றாவதைச் செய்ய ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். திட்டம் தொடங்கும் விழாவுக்கு எல்லோரும் வருவார்கள், அளக்கும்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

இதை எழுதும்போது கவர்ச்சியாகத் தெரிகிறது. அன்றாட வேலை அப்படி இருக்காது என்பதையும் உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள். சிறைப் பதிவேட்டையும் மருத்துவமனைப் பதிவேட்டையும் இணைப்பது என்றால் என்ன தெரியுமா? ஒரே ஆளின் பெயர் ஒன்றில் ஒரு எழுத்து குறைந்திருக்கும், இன்னொன்றில் தகப்பன் பெயர் முன்னால் வந்திருக்கும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் யாரோ ஒருவர் ஜனவரி 1 என்று போட்டு வைத்திருப்பார். இரண்டு வரிகளும் ஒரே மனிதரா, வேறு வேறு ஆட்களா என்று தீர்மானிக்க விதி எழுத வேண்டும், அந்த விதி எத்தனை சதவீதம் தவறும் என்று சோதிக்க வேண்டும். வாரக்கணக்கில் இதுவே வேலை. அதற்கு முன்னால் அந்தப் பதிவேட்டைத் தர அனுமதி வாங்க மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. எக்ஸெல் தாளைப் பார்த்தாலே தலைவலி என்கிற பிள்ளைக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எல்லாமே இப்படி இருட்டாகவும் இருக்காது. நியூயார்க் நகரத்தில் சின்னக் குற்றங்களுக்குச் சம்மன் வாங்கியவர்களில் பலர் சொன்ன தேதிக்கு நீதிமன்றம் வருவதில்லை. வராவிட்டால் பிடிவாரண்டு. வேண்டுமென்றே ஓடி ஒளிகிறார்கள் என்பதுதான் பொதுவான எண்ணம். ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சம்மன் தாளையே எடுத்துப் பார்த்தார்கள். தேதி, இடம், வராவிட்டால் என்ன ஆகும் என்பது மூன்றும் கண்ணில் படும்படி தாளை மாற்றி எழுதினார்கள். வராமல் போவது 13 சதவீதம் குறைந்தது. தேதியை நினைவூட்டி செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். அது 21 சதவீதம் குறைத்தது. 2020-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இது. சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. மனம் எப்படி மறக்கிறது, எதைக் கவனிக்கிறது என்று படித்த ஒருவர் நீதிமன்றத்துக்கு என்ன கொடுக்க முடியும் என்று நீங்கள் கேட்டால் நான் இந்தத் தாளைத்தான் காட்டுவேன்.

இப்போது உங்கள் பெண்ணுக்காக ஒன்று. "கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவ வேண்டும்" என்பதுதான் அவளுடைய காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரணம், ஆனால் இந்தத் துறையில் அது மட்டும் ஆபத்தானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939-ல் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. வயது, குடும்பம், குணம் ஒத்துப்போகிற சிறுவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள்; மொத்தம் 506 பேர். ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் ஆலோசகர் மாதம் இரண்டு முறை வீட்டுக்கே வருவார், பாடம் சொல்லித் தருவார், கோடைமுகாமுக்கு அனுப்புவார், குடும்பச் சிக்கலைக் கேட்பார். சராசரியாக ஐந்து ஆண்டுக்கு மேல் இப்படி. முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் போய் விசாரித்து 1978-ல் எழுதினார். உதவி பெற்றவர்களில் பலர் "அது எனக்கு நன்மை செய்தது" என்றே சொன்னார்கள். ஆனால் பதிவேடுகள் வேறு கதை சொல்லின. திரும்பத் திரும்பக் குற்றம் செய்தது, குடிப்பழக்கம், தீவிர மனநோய், சீக்கிரம் இறந்துபோனது எல்லாவற்றிலும் உதவி பெற்ற பக்கம்தான் மோசம்.

ஏன் அப்படி ஆனது என்று இன்றும் விவாதிக்கிறார்கள். முகாமில் முரட்டுப் பையன்கள் ஒன்றுகூடி ஒருவரை ஒருவர் கெடுத்துக்கொண்டார்கள் என்பது ஒரு விளக்கம். சிறையைச் சுற்றிக்காட்டிப் பயமுறுத்தினால் சிறுவர்கள் திருந்துவார்கள் என்று அமெரிக்காவில் 1970-களில் பரவிய திட்டத்துக்கும் இதே கதிதான். சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சும்மா விட்டிருந்தால்கூட அவர்கள் இவ்வளவு குற்றம் செய்திருக்க மாட்டார்கள் என்று தெரிந்தது. இன்னமும் அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், என்ன செய்வது! இந்த இரண்டு ஆய்வுகளையும் உங்கள் பெண் படிக்கட்டும். படித்துவிட்டு ஆர்வம் கூடினால் அவள் இந்தத் துறைக்கு ஏற்றவள். மனம் உடைந்து போனால், நேரடியாக மனிதர்களுக்குச் சிகிச்சை தரும் வேலைக்கே அவள் போகலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.

கண்டுபிடித்ததை நடைமுறைக்குக் கொண்டுவருவதே தனி வேலையாகிவிட்டது என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. மார்க் முனெட்ஸ், பட்ரிசியா கிரிஃபின் என்ற இருவர் 2006-ல் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். மனநோய் உள்ள ஒருவர் போலீஸ் கண்ணில் படுவதிலிருந்து, முதல் விசாரணை, சிறை, விடுதலை, பிறகு வெளியே கண்காணிப்பு வரை ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவரைச் சிகிச்சைப் பக்கம் திருப்ப ஒரு வாய்ப்பு உண்டு என்பது கருத்து. இதை வைத்து ஓர் ஊரின் போலீஸ் அதிகாரி, நீதிமன்றப் பணியாளர், சிறை மருத்துவர், மனநல மருத்துவமனைக்காரர், நோயாளியின் குடும்பத்தார், நோயிலிருந்து மீண்டவர் எல்லோரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்துப் பெரிய தாளில் வரைபடம் போடுவார்கள். "ராத்திரி பதினொரு மணிக்குப் பிடித்தால் எங்கே கொண்டுபோவீர்கள்?" என்று கேட்டால் அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்படி ஓர் ஓட்டை தெரியும். அந்தக் கூட்டத்தை நடத்துகிறவருக்குப் புள்ளிவிவரமும் தெரிய வேண்டும், கோபமாக இருக்கிற போலீஸ்காரரிடம் பேசவும் தெரிய வேண்டும். இப்படி இரண்டும் தெரிந்தவர்கள் அபூர்வம். அதனால்தான் இரண்டுங்கெட்டான் என்று நீங்கள் சொன்னதை நான் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, என்ன படிப்பது? இங்கே என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. முதுகலையில் "நீதியும் மனநலமும்" என்கிற மாதிரிக் கலவைப் பெயருள்ள படிப்பை விட, ஒரு துறையில் அழுத்தமாகக் கால் ஊன்றுவதே மேல். உளவியலோ, சமூகப்பணியோ, பொதுச் சுகாதாரமோ, குற்றவியலோ, சட்டமோ, ஏதாவது ஒன்று. கூடவே புள்ளியியல், அதுவும் ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழியில் தானே நிரல் எழுதிப் பழகும் அளவுக்கு. அப்புறம் ஆழமாகப் பேட்டி எடுக்கும் முறை. எண்கள் எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லும். ஏன் ஓட்டை விழுந்தது என்று பேட்டிதான் சொல்லும். ஆய்வு நெறிமுறையை ஒப்புக்குப் படித்துவிட்டுப் போக முடியாது. ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகள் மேல் மருந்துச் சோதனைகள் நடந்தன. சிறையில் இருக்கிறவர் தரும் சம்மதம் முழுச் சம்மதமா என்ற கேள்வியைத் தாண்டாமல் இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது.

வேலை எங்கே என்றால் பல்கலைக்கழக ஆய்வு மையங்கள், அரசின் சிறைத்துறை, சுகாதாரத்துறை, நீதித்துறைகளின் ஆய்வுப் பிரிவுகள், திட்டங்களை மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், சர்வதேச அமைப்புகள். எல்லாவற்றுக்கும் முனைவர் பட்டம் வேண்டியதில்லை; தரவு ஆய்வாளர், மதிப்பீட்டாளர், திட்ட ஒருங்கிணைப்பாளர் வேலைகளுக்கு முதுகலை போதும். சொந்தமாக ஆய்வை வடிவமைத்து நடத்த வேண்டும் என்றால் முனைவர் பட்டம் வேண்டும்.

நீங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது இரண்டு. ஒன்று, வேலை நிரந்தரமில்லை என்பது. இந்தத் துறையில் பெரும்பாலான பணிகள் நிதிநல்கை இருக்கும் வரைதான். இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம், முடிந்தால் அடுத்தது தேட வேண்டும். முதல் சில ஆண்டுகளுக்கு வீட்டு ஆதரவு தேவைப்படலாம், அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். அதே நேரம் புள்ளியியலும் மதிப்பீடும் கைவந்த ஒருவர் கல்வி, சுகாதாரம் என்று பக்கத்துத் துறைக்குப் போக முடியும், அது ஒரு பாதுகாப்பு.

இரண்டாவது, அவளுடைய மனம். சிறைக்குள் போவதில் பாதுகாப்பு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நடைமுறைகள் இருக்கின்றன, பெரும்பாலும் கண்டிப்பாகவே. நான் அதைவிடக் கவலைப்படுவது, நாள் முழுவதும் தற்கொலைக் கோப்புகளையும் வன்முறைக் கோப்புகளையும் படிப்பதைப் பற்றி. பேட்டி எடுப்பவரை மட்டும் எல்லோரும் கவனிப்பார்கள். கோப்பைத் தட்டச்சு செய்கிறவரை யாரும் விசாரிக்க மாட்டார்கள். வேலைக்கான நேர்முகத்தில் அவள் தயங்காமல் கேட்கட்டும்: வாரம் ஒரு முறை பேச மேற்பார்வையாளர் இருக்கிறாரா, ஒருவரே தொடர்ந்து எத்தனை கோப்பு படிக்க வேண்டும், கஷ்டமாக இருந்தால் வேறு பணிக்கு மாற வழி உண்டா? பதில் மழுப்பலாக வந்தால் அந்த வேலை வேண்டாம்.

இப்போதைக்கு அவளை எதிலும் சேர்க்க அவசரப்படாதீர்கள். கடைசி ஆண்டு ஆய்வறிக்கைக்கு, பொதுவில் கிடைக்கும் சிறைப் புள்ளிவிவரமோ மனநலப் புள்ளிவிவரமோ ஒன்றை எடுத்து, ஒரே ஒரு கேள்விக்கு அவளே பதில் தேடட்டும். கூடவே ஒரு சட்ட உதவி மையத்திலோ மனநல மறுவாழ்வு இல்லத்திலோ சில மாதம் தன்னார்வலராக இருக்கட்டும். இரண்டையும் செய்த பிறகு எதில் நேரம் போனதே தெரியவில்லை என்று கேளுங்கள். புள்ளிவிவர வேலை என்றால் முதுகலையில் புள்ளியியல் கனமாக உள்ள படிப்பாகப் பார்ப்போம். தன்னார்வ வேலை என்றால் சமூகப்பணி. இரண்டும் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், விண்ணப்பங்களை உட்கார்ந்து பார்ப்போம்.