ஆறாவது ரிசீவர்

அன்புள்ள அண்ணா,

மினசோட்டாவுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. என் மகன் படிப்பது சிறிய கல்லூரி, விளையாட்டில் இரண்டாம் நிலையான டிவிஷன் 2. அங்கே அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஒரு ரிசீவரை, அதாவது எறியும் பந்தைப் பிடிக்கிறவனை, அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் ஏப்ரல் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. டிராஃப்ட் முடிந்த அன்று இரவே தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் ஓர் அணி கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டுவிட்டது. ஐந்தடி பத்தங்குலம் உயரம். நாற்பது யார்டை ஓட 4.5 நொடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஆனால் கையில் பந்து பட்டால் விடவே மாட்டான். பயிற்சி முகாமில் ஒற்றைக் கையால் பிடித்த வீடியோ எங்கள் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. எங்கள் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் பெயர் வாங்கிய ரிசீவர் ஆடம் தீலன் வந்த வழியில் இவனும் வந்துவிடுவான் என்கிறார்கள். ஒருமுறை என் மகன் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தான். இன்னொரு தோசை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதனால்தான் மனம் அடித்துக்கொள்கிறது. ஆறுதலுக்காகச் சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள். தேறுவானா?

கே., மினசோட்டா

அன்புள்ள கே.,

அவன் பெயரையும் அணியின் பெயரையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். வேலைக்காகப் போராடிக்கொண்டிருக்கும் ஒரு பையனின் வாய்ப்பைப் பொதுவில் எடைபோடும்போது அவன் பெயர் வேண்டாம் என்று தோன்றியது.

உள்ளதைச் சொல்கிறேன். இந்த வருடமே 53 பேர் பட்டியலுக்குள் வர, என் கணிப்பில், பத்தில் ஒரு வாய்ப்பு. அந்த 53க்கு வெளியே அணியோடு பயிற்சி எடுக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடில் இடம் கிடைக்க, பத்தில் நான்கு. இந்த இரண்டாவதை உங்கள் வீட்டில் யாரும் தோல்வி என்று நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முகாமுக்கு ஒவ்வொரு அணியும் 90 பேரைக் கூட்டிப் போகும். ஆகஸ்ட் கடைசியில் அது 53 ஆக வேண்டும். 32 அணிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,180 பேருக்கு வேலை போகிறது. ரிசீவர்கள் மட்டும் முகாமில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். மிஞ்சுவது ஐந்து, அல்லது ஆறு. அதில் முதல் நான்கு இடங்கள் பெரும்பாலும் முகாம் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டவை. மூன்றாம் சுற்றில் எடுத்த பையனை எந்த அணியும் முதல் ஆகஸ்டிலேயே வீட்டுக்கு அனுப்பாது, அவன் எவ்வளவு சுமாராக ஆடினாலும் சரி. ஆக, உங்கள் ரிசீவர் பையனுக்குத் திறந்திருப்பது ஐந்தாவதும் ஆறாவதும்தான். அந்த இடத்தின் வேலையே வேறு.

ஆறாவது ரிசீவருக்குப் பந்து வருவது அபூர்வம். பந்தை உதைக்கும் தருணங்களில் மட்டும் இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸுக்காக அவரை வைத்திருக்கிறார்கள். பண்ட் அடிக்கும்போது, அதாவது பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும்போது, ஓரத்திலிருந்து பாய்ந்துபோய், அந்தப் பக்கம் பந்தைப் பிடிக்கிறவரை மடக்க வேண்டும். கன்னர் என்பார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்ஆஃபில் இறங்கித் தடுக்க வேண்டும், தேவைப்பட்டால் பந்தை வாங்கித் திருப்பி ஓடவும் வேண்டும். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸில் மேத்யூ ஸ்லேட்டர் 2008இல் ஐந்தாம் சுற்றில் ரிசீவராகத்தான் வந்தார். 16 பருவங்கள் ஆடினார். சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுலுக்குப் பத்து முறை தேர்வானார். பருவ ஆட்டங்களில் அவர் பிடித்த பாஸ் மொத்தம் ஒன்றே ஒன்று.

வைக்கிங்ஸ் முகாம் 2017 வரை மன்கேட்டோவில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு கோடையில் நானும் போயிருந்தேன். வேலி ஓரம், வெயில். முக்கிய ஆட்டக்காரர்கள் அந்தக் கோடியில் பயிற்சி எடுக்க, கூட்டமெல்லாம் அங்கே. என் பக்கம் கன்னர் பயிற்சி நடந்தது. ஒரு ரிசீவருக்கு எதிரே இரண்டு பேர். விசில் ஊதியதும் இரண்டு பேரும் அவர் தோளைப் பிடித்து நெட்டித் தள்ளுகிறார்கள். அவர் வெளிக்கோட்டைத் தாண்டிப் போய், திரும்ப உள்ளே நுழைந்து, நாற்பது யார்டு ஓடுகிறார். நடந்தே திரும்பி வருகிறார். மறுபடி வரிசை. மறுபடி விசில். நான் எண்ணிய வரை ஒன்பது முறை. ஏழாவது முறை கீழே விழுந்து, முழங்கையில் புல்லோடு எழுந்து அப்படியே ஓடினார். அவர் சட்டை எண்ணைத் தாளில் தேடினால் அதே எண்ணில் தடுப்புப் பக்கத்தில் இன்னொருவரும் இருந்தார். முகாமில் அப்படித்தான், 90 பேருக்கு எண்கள் போதாது. அந்த மனிதர் மீது எனக்குக் குறையே தெரியவில்லை. ஆகஸ்ட் கடைசிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாம் சரியாகச் செய்தும் இடம் கிடைக்காமல் போகலாம். அப்படி ஆனால் அதைப் பையனின் குறையாக யாரும் பேச விடாதீர்கள்.

தீலன் விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் சொல்லும் கதை பெரும்பாலும் 2018இல் தொடங்குகிறது. பருவத்தின் முதல் எட்டு ஆட்டங்களிலும் தொடர்ந்து நூறு யார்டுக்கு மேல், மொத்தம் 113 பாஸ், 1,373 யார்டு. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய ஐந்து வருடத்தை. 2013இல் டிராஃப்டில் பெயர் வரவில்லை. வைக்கிங்ஸ் புதியவர்கள் முகாமில் வெறும் சோதனைக்கு வந்தவராக நின்றுதான் ஒப்பந்தம் வாங்கினார். அந்தப் பருவம் முழுக்கப் பிராக்டிஸ் ஸ்குவாட். 2014இல் அணிக்குள் வந்தபோது பிடித்தது 8 பாஸ், 2015இல் 12. அந்த இரண்டு வருடமும் அவருக்குச் சோறு போட்டது ஸ்பெஷல் டீம்ஸ்தான். 2014 நவம்பரில் கரோலைனா அணிக்கு எதிராக ஒரு பண்ட்டைத் தடுத்து, தானே எடுத்து 30 யார்டு ஓடி, எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் டச்டவுன் போட்டார். பந்து அவரைத் தேடி வர ஆரம்பித்தது 2016இல், 69 பாஸ். அதுவரை அவரைப் பொறுத்திருந்து வைத்துக்கொள்ள அணிக்கு ஒரு காரணம் இருந்தது. உங்கள் பையன் அந்தக் காரணத்தைக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, தீலன் ஆறடி இரண்டங்குலம். ஐந்தடி பத்துக்கு, ரிசீவர் வெஸ் வெல்கர்தான் பொருத்தமான ஒப்பீடு. அவர் அதைவிட ஓர் அங்குலம் குட்டை. 2004இல் யாரும் எடுக்கவில்லை. சான் டியாகோ அணி சேர்த்துக்கொண்டு ஒரே ஆட்டத்தில் அனுப்பிவிட்டது. மயாமி அணி கூப்பிட்டது பந்தைத் திருப்பி ஓடுவதற்காக. அந்த வருடம் அவர் பிடித்த பாஸ் பூஜ்யம். 2007இல் பேட்ரியட்ஸுக்குப் போய் 112 பிடித்தார். கல்லூரியிலேயே எட்டு பண்ட்களைத் திருப்பி டச்டவுன் ஆக்கியவர் அவர். உங்கள் பையன் கல்லூரியில் பண்ட் வாங்கி ஓடியிருக்கிறானா? கடிதத்தில் கையைப் பற்றிச் சொன்னீர்கள், இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓடியிருந்தால் என் பத்தில் ஒன்றை பத்தில் இரண்டாக்கிக் கொள்ளுங்கள். 2024இல் கிக்ஆஃப் விதியை மாற்றிய பிறகு பந்து திருப்பி ஓடப்படுவது கூடியிருக்கிறது. அந்த வேலை தெரிந்தவனுக்கு மதிப்பும் கூடியிருக்கிறது.

அந்த ஒற்றைக்கை வீடியோவுக்கு நான் அதிக எடை கொடுக்க மாட்டேன். நல்ல பிடிதான், மறுக்கவில்லை. ஆனால் எறிந்தது மூன்றாவது குவார்ட்டர்பேக்கா, காவலுக்கு நின்றது இந்த மாதம் முடிந்தால் வீட்டுக்குப் போகப் போகிற கார்னர்பேக்கா என்று பார்க்க வேண்டும். பயிற்சியாளர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். இரண்டாம் அணியோடு அவனை நிற்க வைத்தார்கள் என்று ஒரு செய்தி வந்தால் அது பத்து வீடியோவுக்குச் சமம். ஒப்பந்தத்தில் உறுதிப்படுத்திய தொகை எவ்வளவு என்றும் விசாரியுங்கள். டிராஃப்டில் வராதவர்களுக்கு மூன்று வருட ஒப்பந்தம் என்று பெயர்தான். உறுதிப்படுத்திய பணம் மட்டுமே அணியின் உண்மையான ஆர்வத்தைக் காட்டும்.

விக்டர் க்ரூஸை யாராவது உதாரணம் காட்டுவார்கள். 2010 ஆகஸ்டில், முன்பருவ ஆட்டத்தில் ஜெட்ஸுக்கு எதிராக மூன்று டச்டவுன் பிடித்து ஜயண்ட்ஸில் இடம் வாங்கியவர். ஆமாம், அப்படியும் நடக்கும். ஆனால் அந்தப் பருவத்தில் ஒரு பாஸ்கூடப் பிடிக்கவில்லை, பெரும்பகுதி காயத்தோடு உட்கார்ந்திருந்தார். மறு வருடம் ஒருவர் வேறு அணிக்குப் போனார், இன்னொருவர் முழங்காலை உடைத்துக்கொண்டார். அப்புறம்தான் 1,536 யார்டு. கதவு எப்போது திறக்கும் என்பது ஆடுகிறவன் கையில் இல்லை. திறக்கும்போது அவன் உள்ளேயே எங்காவது இருக்க வேண்டும்.

அதனால்தான் பிராக்டிஸ் ஸ்குவாடை இவ்வளவு சொல்கிறேன். அணிக்கு 16 இடம். தினமும் அதே மைதானம், அதே கூட்டங்கள். தேவைப்பட்டால் ஒரு பருவத்தில் மூன்று முறை ஆட்டத்துக்கே ஏற்றலாம். வேறு எந்த அணியும் தன் 53க்குள் அவனை எடுத்துக்கொள்ளலாம். 2024 கணக்கில் வாரம் 12,500 டாலர், சும்மா இல்லை. ரிசீவர் ராட் ஸ்மித்தும் 1994இல் டென்வர் அணியில் இப்படித்தான் ஒரு வருடம் காத்திருந்தார். மிசூரியில் ஒரு சின்னக் கல்லூரிப் பையன். முடிக்கும்போது 849 பாஸ், 11,389 யார்டு, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் இரண்டு வெற்றி.

பட்டியலை 53 ஆக வெட்டும் நாளில், அவனை விடுவிக்கிறோம் என்று தொலைபேசி வந்தால் உடனே கலங்க வேண்டாம். அடுத்த 24 மணி நேரம் மற்ற அணிகள் கேட்கலாம். யாரும் கேட்காவிட்டால் பழைய அணியே பிராக்டிஸ் ஸ்குவாடுக்குத் திரும்பக் கூப்பிடும் வாய்ப்பு உண்டு. அந்த ஒரு நாள் உங்கள் மகன் அவனோடு பேசிக்கொண்டிருந்தால் நல்லது.

முன்பருவ முதல் ஆட்டத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். பந்து அவனிடம் வருகிறதா என்று தேடாதீர்கள். முதல் பண்ட்டில் ஓரத்தில் நிற்பது அவனா என்று பாருங்கள். முதல் பாதியிலேயே நின்றான் என்றால் அன்று இரவே எனக்கு எழுதுங்கள்.