விடுதலை பெற்ற புதிதில் ஆப்பிரிக்க நாடுகள் வெளியிட்ட பண நோட்டுகளை எங்கிருந்து சேர்க்கத் தொடங்குவது?

கானாவில் தொடங்குங்கள். 1957-இல் விடுதலை. 1958-இல் கானா பவுண்டு. 1965-இல் அதிபர் நிக்ரூமா முகத்தோடு செடி என்ற நாணயம் (ஒரு பவுண்டுக்கு 2.40 செடி). 1966 ராணுவப் புரட்சியில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. 1967-இல் வந்த புதிய செடியில் அவர் படமே இல்லை. பத்தாண்டு அரசியலை நான்கைந்து தாள்களில் பார்த்துவிடலாம். இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

அடுத்து, நைஜீரியாவிலிருந்து 1967–70-இல் பிரிந்திருந்த பயாஃப்ரா. 1968-இன் 1 பவுண்டு நோட்டு தாராளமாகக் கிடைக்கிறது, அதிக விலை கொடுக்காதீர்கள். 5, 10 பவுண்டு நோட்டுகள்தான் அரிது.

வாங்குமுன் புற ஊதா விளக்கில் பாருங்கள். அக்காலப் பருத்தித் தாள் பொதுவாக மங்கலாகவே தெரியும். பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் சோப்புப் போட்டு அலசியதாகவோ போலியாகவோ இருக்கலாம். அழுத்தி மறைத்த மடிப்பு, சாய்வான வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பிவிசி உறை வேண்டவே வேண்டாம்: நாளடைவில் பிசுபிசுத்துத் தாளைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.