கைக்குத் தெரிந்த பட்டன்

கேள்வி: போன மாதம் புது கார் எடுத்தோம். ஏசி, ஃபேன் வேகம் எல்லாமே நடுவில் இருக்கும் பெரிய டச் ஸ்கிரீனுக்குள்தான். செங்கோட்டைப் பக்கம் மழையில் போகும்போது முன்கண்ணாடி உள்பக்கம் முழுக்க ஆவி படிந்துவிட்டது. அதைப் போக்கும் பட்டனைத் திரையில் தேடுவதற்குள் வண்டி நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது, மனைவி போட்ட சத்தத்தில்தான் சுதாரித்தேன். பழைய காரில் இப்படி ஆனதே இல்லை. எனக்கு 58 வயது, வயதாகிவிட்டதுதான் காரணமா? (வாசகர், தென்காசி)

பதில்: வயது மேல் பழியைப் போடாதீர்கள் சார். பழைய காரில் நாப் எங்கே இருக்கிறது என்று உங்கள் கைக்கே தெரியும், தடவிப் பார்த்து ரெண்டு திருகு திருகினால் முடிந்தது, கண் பாட்டுக்கு ரோட்டில் இருக்கும். திரையில் தடவிப் பார்க்க ஒன்றும் இல்லை, எல்லா இடமும் ஒரே வழவழப்பு. அதனால் எங்கே தொட வேண்டும் என்று பார்த்து, தொட்டது பதிந்ததா என்று இன்னொரு தடவை பார்த்து... 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும்.

2022-ல் ஸ்வீடனில் 'வி பில்எகாரே' என்ற கார் பத்திரிகை இதைச் சோதித்தே பார்த்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே ரேடியோ போடுவது, சூட்டைக் கூட்டுவது, கண்ணாடி ஆவியைப் போக்குவது என்று சில வேலைகள். பட்டன்கள் நிறைந்த 2005 வால்வோ வி70-ல் எல்லாம் முடிய 10 நொடி, அதற்குள் வண்டி ஓடியது 306 மீட்டர். கடைசி இடம் பிடித்த, எல்லாமே திரைக்குள் இருக்கும் எம்ஜி மார்வெல் ஆர் காரில் 44.9 நொடி, 1,372 மீட்டர்! இத்தனைக்கும் ஓட்டியவர்களுக்கு அந்தந்தக் காரோடு பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரம் கொடுத்திருந்தார்கள்.

ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப், இண்டிகேட்டர், ஹசார்டு லைட், ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு இவற்றுக்குக் கையால் இயக்கும் தனி பட்டனோ லீவரோ இல்லையென்றால் 2026 முதல் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. உங்களை மாட்டிவிட்ட ஏசி அந்தப் பட்டியலில் இல்லை என்பதுதான் வருத்தம்.

சரி, உங்கள் காருக்கு வருவோம். மழை தூறும்போதே, கிளம்புவதற்கு முன்பே ஏசியைப் போட்டு, காற்று முன்கண்ணாடிக்குப் போகும்படி வைத்துவிடுங்கள். உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷன் வேண்டாம், வெளிக்காற்று வரட்டும். குளிருமே என்று ஏசியை அணைத்துவிடாதீர்கள், காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுவதே அதுதான், குளிர்ந்தால் டெம்பரேச்சரைக் கூட்டிக்கொள்ளலாம். ஓடும்போது ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் மாற்றட்டும். சத்தம் போட்டுக் காப்பாற்றியவருக்குத் திரையைத் தொடவும் உரிமை உண்டு!

கேள்வி: ஓட்டும்போது கார் ஸ்கிரீனைத் தொட்டால் போலீஸ் பிடிக்குமா? (வாசகி, கோவை)

பதில்: ஜெர்மனியில் பிடித்தார்கள். மழையில் வைப்பர் வேகத்தை மாற்ற டெஸ்லாவின் திரையைத் தொட்ட ஒருவர் சாலையை விட்டு விலகி மரங்களில் மோதினார். 200 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. 2020-ல் கார்ல்ஸ்ரூ மேல்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வைப்பர் அவசியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. நம் மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவு, கையில் பிடித்திருக்கும் போனைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் கவனமான ஓட்டுநர் ஓட்டுகிற மாதிரி ஓட்டாமல் ஆபத்தை உண்டாக்குவதும் அதே பிரிவில் வருகிறது, அதனால் திரையைப் பார்த்துக்கொண்டே போய் இடித்தால் 'போன் இல்லையே சார்' என்று தப்பிக்க முடியாது.

கேள்வி: என் பத்து வருஷப் பழைய காரில் பெரிய ஸ்கிரீன் மாட்டலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: ரிவர்ஸ் கேமராவுக்காக என்றால் தாராளமாக. ஏசி நாப்பைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மாட்டுகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.