அப்பா காலத்து பம்ப் வரைபடங்களை ஸ்கேன் செய்தால் போதுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் லேத் பட்டறை நடத்துகிறேன். பம்ப் உதிரிபாகங்கள்தான் எங்கள் தொழில். அப்பா வரைந்த டிராயிங்குகள் டிரேசிங் தாளில் மக்கிக்கொண்டிருக்கின்றன. கோவை வாடிக்கையாளர்களோ 'கேட் ஃபைல்' (CAD, கணினியில் வரைந்த டிராயிங்) கேட்கிறார்கள். ஸ்கேன் செய்து அனுப்பலாமா? எந்த மென்பொருள் வாங்குவது?

பதில்: ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் பத்திரப்படுத்துவதற்கு மட்டும். ஈரப்பதத்தில் தாள் நீளும், சுருங்கும். அந்தப் படத்தின்மேல் கோடு இழுத்து அளவெடுத்தால் பிழை அப்படியே இரும்பில் இறங்கிவிடும். தாளில் எழுதியிருக்கும் எண்களை வைத்துப் புதிதாக வரையுங்கள். ஓரத்தில் பென்சிலால் குறித்த திருத்தங்களை விட்டுவிடாதீர்கள்; பெரும்பாலும் அவைதான் சரியான அளவுகள். சந்தேகம் வந்தால் தேயாத உதிரிபாகம் ஒன்றை வெர்னியரில் அளந்து பாருங்கள்.

கேட் என்பது அழகாகக் கோடு போடும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' அப்போதே அதைத் தாண்டிவிட்டது. திரையில் ஒளிப்பேனாவால் இரண்டு கோடுகள் வரைந்து, 'இவை இணையாக இருக்க வேண்டும்' என்று சொன்னால், கணினியே அவற்றை இணையாக்கியது. உங்களுக்கு வேண்டியது இந்தத் தொடர்புதான்.

பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை எடுத்துக்கொள்வோம். ஷாஃப்ட் 28 மி.மீ. என்றால், இம்பெல்லரை அதனோடு பிணைக்கும் சாவியின் (key) அகலம் 8 மி.மீ. வாடிக்கையாளர் 32 மி.மீ. ஷாஃப்ட் கேட்டால் சாவி 10 மி.மீ. ஆகும், துளை பெரிதாகும், அதைச் சுற்றியுள்ள சுவரின் தடிமன் குறையும். இந்தத் தொடர்புகளை முதலிலேயே மாடலில் எழுதிவைத்தால், ஓர் எண்ணை மாற்றியதும் மற்றவை தாமே மாறும். வெறும் கோடுகளாக வரைந்திருந்தால் ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வார்ப்படம் வீண்.

இம்பெல்லர் இதழின் வளைவுக்கும் கேட்டில் வழி உண்டு. பிரான்சில் ரெனோ கார் நிறுவனத்தின் பெசியேவும் சித்ரோயன் நிறுவனத்தின் காஸ்தெல்ஜோவும் கார் உடலுக்காக வகுத்த வளைவுக் கணக்கு இன்றைய மென்பொருள்களின் அடித்தளத்தில் இருக்கிறது.

உடனே பணம் போட வேண்டாம். ஷாஃப்ட், புஷ் போன்ற கடைசல் வேலைக்கு இருபரிமாணமே போதும், லிப்ரேகேட் இலவசம். இம்பெல்லருக்கும் அதை மூடும் வெளிக்கூடான கேஸிங்குக்கும் முப்பரிமாணம் தேவை, ஃப்ரீகேட்டும் இலவசம்தான். அதிகம் ஆர்டர் வரும் பாகத்திலிருந்து தொடங்குங்கள்.

மாடலில், கடைசல் முடிந்த பிறகு பாகத்துக்கு இருக்க வேண்டிய அளவையே வையுங்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். அந்தக் கூடுதலையும் கடைசலுக்கான கூடுதலையும் பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி உரு) செய்பவர் சேர்ப்பாரா, நீங்கள் சேர்ப்பீர்களா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். இருவரும் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

முப்பரிமாண மாடலை ஸ்டெப் (STEP) ஃபைலாகவும், தகடு வெட்டும் வேலையை இருபரிமாணக் கோட்டுப்படத்துக்கான டி.எக்ஸ்.எஃப். (DXF) ஃபைலாகவும் அனுப்புங்கள். டி.எக்ஸ்.எஃப்.பைத் திறக்கும் கணினி மில்லிமீட்டரை அங்குலமாக எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் அளவுகள் எழுதிய பி.டி.எஃப். ஒன்றையும் கூடவே அனுப்பி, ஒரு துளையின் அளவையாவது சரிபார்க்கும்படி போனில் சொல்லிவிடுங்கள்.