மணிமேகலை யாரு பாட்டி?

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு 66 வயது. சேலத்தில் தனியாக இருக்கிறேன். பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்த மகன், எனக்காகவே 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்களையும் டிவியில் போட்டான். கல்கி எழுதிய அந்த நாவலின் ஐந்து பாகங்களை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் தொடங்க வேண்டிய கதை, போர்க்களத்தில் தொடங்குகிறது. "புத்தகத்தில் இப்படி இல்லை" என்றேன். சேந்தன் அமுதன் உண்மையில் யார் என்ற முடிச்சே படத்தில் இல்லை. அதையும் சொன்னேன். கடம்பூர் சம்புவரையர் மகள் மணிமேகலை என்று ஒருத்தியே படத்தில் இல்லை! சொல்லாமல் எப்படி இருப்பது? மகன் படத்தை நிறுத்திவிட்டு, "நீங்க பேசி முடிங்கம்மா, அப்புறம் போடறேன்" என்றான். மருமகள் முன்னால்!

எனக்காகப் போட்ட படம்தானே? நான் பேசக்கூடாதா? ஒன்பது வயதுப் பேத்தி மட்டும், "மணிமேகலை யாரு பாட்டி?" என்றாள். "தமிழ் படிக்கத் தெரிந்தால் தெரியும்" என்றேன். எனக்கு எழுத்தே தெரியாத வயதில் அம்மா மத்தியானங்களில் மடியில் போட்டுப் படித்துக் காட்டிய புத்தகம். 'கல்கி' இதழில் வந்ததைச் சேர்த்து பைண்டு செய்தது, ஓவியர் மணியத்தின் படங்களோடு பீரோவில் இருக்கிறது. எனக்குப் பிறகு எடைக்குத்தான் போகும். அது கிடக்கட்டும். மகன் அப்படிப் பேசலாமா? ஊருக்குப் போனதிலிருந்து நானாக போன் செய்யவில்லை.

அன்புள்ள அம்மா,

மகன் சொன்னது சுருக்கென்றுதான் இருந்திருக்கும். ஆனால் 'அது கிடக்கட்டும்' என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். எடைக்குப் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். அதை வாங்கிக்கொள்ள ஒரு குழந்தை கை நீட்டியது. நீங்கள் பரீட்சை வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

உங்கள் அம்மா அப்படிக் கேட்கவில்லையே. எழுத்து தெரியாத உங்களுக்கு மடியில் போட்டுத்தானே படித்தார்? அன்று டிவி முன்னால் நீங்கள் தேடியது அந்த மத்தியானத்தை என்று நினைக்கிறேன். எந்த இயக்குநராலும் அதைப் படமெடுக்க முடியாது.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் இருக்கிறான், நாவலில் அவனோடு சேர்ந்து சதி செய்யும் நந்தினி இல்லை. மணிமேகலையும் கல்கியின் கற்பனைதான். சரித்திரத்தில் இல்லாததைச் சேர்த்தவரை மன்னித்துவிட்டீர்கள், புத்தகத்தில் இருந்ததை விட்டவர்களை மட்டும் மன்னிக்க மாட்டேன் என்கிறீர்கள்! ரசிகையாக அந்த உரிமை உங்களுக்கு உண்டு. அதற்காக வீட்டில் இருப்பவர்கள் உங்களுக்கு பயந்துகொண்டே படம் பார்க்க வேண்டுமா?

மகனோடு அப்புறம் சமாதானமாகலாம். முதலில் பேத்திக்கு போன் செய்யுங்கள். "அன்னைக்குக் கேட்டியே" என்று தொடங்கி, தினம் பத்து நிமிஷம் படித்துக் காட்டுங்கள். புரியாத இடத்தில் கதையாகச் சொல்லுங்கள். மணியம் படங்களை வீடியோவில் காட்டுங்கள். ஆனால் மணிமேகலை கடைசியில் என்ன ஆகிறாள் என்று எவ்வளவு கெஞ்சினாலும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.