வாங்க முன் கேளுங்கோ: வீட்டு வான் கடிதங்கள்

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியது. ஆனால் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள் பழைய வான்களைத்தான் சுற்றி வருகிறார்கள். அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்து 'காம்பர் வான்' என்று விற்கவும் வாடகைக்கு விடவும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அது பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகப் போடுகிறேன். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், முக்கியமாகத் திரைச்சீலையின் நிறம் பற்றிய பந்திகளை.

கேள்வி: தொண்ணூறுகளில் வந்த டொல்பின் வான். உள்ளே கட்டில், ரீவி, ஏசி, கலர் லைற் எல்லாம் புதுசு. விற்பவர் அவசரப்படுத்துகிறார். முதலில் எதைப் பார்ப்பது? (புதுக்குடியிருப்பு)

பதில்: அவர் காட்டாததைப் பாருங்கள். ரெக்சினும் கலர் லைற்றும் ஒரு கிழமை வேலை. வானின் அடிச்சட்டமான சேசி அப்படியில்லை. கடற்கரைப் பக்கம் நின்ற வானென்றால் உப்புக்காற்று அடியைத் தின்றிருக்கும். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு தெரிந்தால் ஸ்க்ரூ ட்ரைவரால் குத்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் இன்னும் இரண்டு இடத்தில் குத்துங்கள்.

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. வீட்டு வான் ஓடுவதைவிட நிற்பதுதான் கூட. அதனால் ரயர் தேயாமலே கிழடாகி, பக்கம் வெடித்துக்கொண்டு வரும். ஆறு வருடம் தாண்டியதை ரயர் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் தாண்டியதைக் கழற்றி எறிவதற்கான காசை விலையில் குறையுங்கள்.

பிறகு உள்ளே போய்க் கூரையின் நாலு மூலையையும் விரலால் அழுத்துங்கள். பலகை மெத்தென்று உள்ளே போனால் மழை ஏற்கெனவே அங்கே குடியிருக்கிறது.

சேசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகவேண்டும். இருக்கைகளைக் கழற்றி இப்படி மாற்றியதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி உண்டா என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒருத்தரும் பார்க்கிறதில்லை" என்பது பதில் அல்ல. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: பற்றரியில் இரவு முழுக்க ஏசி போடலாமா? (கிளிநொச்சி)

பதில்: முடியாது.

ஏன் என்று கேட்டு இன்னொரு கடிதம் வரும் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 9000 பி.ரி.யு. ஏசி ஓடும்போது ஏறக்குறைய 800 வாட் இழுக்கும். 12 வோல்ட், 100 அம்பியர்-அவர் ஈய பற்றரி ஒன்றில் பெயருக்கு 1200 வாட்-அவர் இருக்கும். பாதிக்குக் கீழே இறக்கினால் அது சீக்கிரம் செத்துப்போகும். ஆகக் கையில் இருப்பது 600. முக்கால் மணித்தியாலத்தில் விசிறியும் இல்லாமல் வியர்த்துக்கொண்டு கிடப்பீர்கள். அந்த 20 வாட் விசிறியை எட்டு மணித்தியாலம் போட்டால் 160தான் போகும். இரண்டு பக்கமும் வலையடித்த ஜன்னல் வைத்து விசிறியைப் பூட்டுங்கள்.

12 வோல்ட் கொம்பிரசர் பிரிட்ஜ் எங்கள் வெக்கையில் ஒரு நாளைக்கு 500 வாட்-அவர் வரை கேட்கும். கூரையில் 200 வாட் சோலார் பனல் இருந்தால் நல்ல வெயில் நாளில் அதைச் சமாளிக்கலாம். மார்கழி மூட்டத்தில் சமாளிக்காது. என்ஜின் ஸ்ராட் பண்ணும் பற்றரியும் உள்ளே விசிறி, பிரிட்ஜுக்கான வீட்டுப் பற்றரியும் வேறு வேறாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரவு பாட்டுக் கேட்டதற்குக் காலையில் தள்ளவேண்டி வரும்.

இன்வேர்ட்டர் பெட்டியில் போட்டிருக்கும் பெரிய இலக்கத்தை நம்பவேண்டாம். அது கண்மூடித் திறக்கும் நேரத்துக்கு மட்டும். '3000 வாட்' என்று எழுதிய ஒன்று என் வீட்டிலும் கிடக்கிறது. மிக்சியைப் போட்டால் கத்தும். இப்போது கதவு அடிக்காமல் முட்டுக்கொடுக்க உதவுகிறது.

கேள்வி: கனடாவில் மச்சான் பாவித்த பெரிய மோட்டார் ஹோமைக் கப்பலில் அனுப்பலாம் என்கிறார். (வவுனியா)

பதில்: ஸ்டியரிங் இடப்பக்கம், இங்கே சாதாரணமாகப் பதிய முடியாது. உள்ளே எல்லாம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்களுடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மச்சானைச் சும்மா வரச்சொல்லுங்கள்.

கேள்வி: கணவர் விட்டுப்போன வானை வாடகைக்கு விடுவம் என்று வீட்டு வானாக மாற்றக் கொடுத்தேன். நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டினேன். பில் கேட்டதற்கு, "அக்கா, பில் போட்டால் வரி சேரும்" என்றார்கள். கார்த்திகை மழையில் கட்டில் முழுக்க நனைந்துவிட்டது. "உங்கடை கூரைதான் பழசு" என்று இப்போது கையை விரிக்கிறார்கள். (மாங்குளம் வாசகி)

பதில்: அக்கா, பில் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களில் பாதிப்பேர் அதைக்கூடச் செய்வதில்லை. பிழை உங்களில் இல்லை. கூரை பழசென்றால் கையை வைக்க முன்னம் சொல்லியிருக்கவேண்டும். காசை வாங்கிப் பலகையும் அடித்தபிறகு கூரைக்கு வயதாகிவிட்டதா?

முதலில், ஒழுகுகிற இடங்களை மழை பெய்யும்போதே வீடியோ எடுங்கள். வேறொரு கராச்சில் காட்டி, எதனால் ஒழுகுகிறது என்று அவர்களின் பெயர் அச்சிட்ட கடிதத்தாளில் எழுதி வாங்குங்கள். அதே ஆள் வந்து சிலிக்கனை அப்பிவிட்டுப் போக விடாதீர்கள். சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு வேறொன்றும் ஒட்டாது, முழுக்கச் சுரண்டவேண்டும். கூரைக்குப் பொலியுரதேன் வகைப் பசைதான் சரி. கொடுத்த காசு, தேதி, பேசிய வேலை எல்லாவற்றையும் எழுதி அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வங்கித் துண்டு, போனில் வந்த செய்தி எதையும் அழிக்கவேண்டாம், பில் இல்லாத இடத்தில் அவைதான் பில்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வேலை முடித்துத் தந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். கார்த்திகை மழை என்கிறீர்கள், ஆகவே இந்தக் கிழமையே போங்கள். 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். கூடவே உங்கள் பிரதேச இணக்கசபைக்கும் போடுங்கள், அங்கே சட்டத்தரணிக்குக் கொட்டிக்கொடுக்கத் தேவையில்லை.

இனி மற்றவர்களுக்கு. "பில் போட்டால் வரி சேரும்" என்ற இந்தக் கதையை அரிசிக் கடையிலிருந்து கராச் வரை கேட்டுக்கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வற் எனும் பெறுமதி சேர் வரிக்குப் பதிவில்லாத வியாபாரிக்கு உங்களிடம் வற் அறவிடவே உரிமையில்லை. பதிந்தவர் என்றால் அது அவர் எப்படியும் கட்டவேண்டிய வரி. எப்படிப் பார்த்தாலும் பில்லை மறைப்பது உங்களுக்குக் காசு மிச்சம் பிடிக்க அல்ல, நாளைக்கு உங்களைத் தெரியாது என்று சொல்ல. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கேட்க எங்கள் ஆட்களுக்கு வெட்கம். சொந்தக்காரன், ஊர்க்காரன், கோயிலில் காணுகிறவன், எப்படிக் கேட்பது? ஊர்க்காரன் என்றால் எழுதித் தருவதில் அவருக்கு என்ன கஷ்டம்?

வீட்டு வான் வேலைக்கு ஒரு பேப்பர் போதும். பலகையின் தடிப்பு, வயரின் அளவு, பற்றரியின் கம்பனியும் தொடர் இலக்கமும், முடிக்கும் தேதி, எத்தனை மாத உத்தரவாதம், இரண்டு கையெழுத்து. காசை மூன்றாகப் பிரியுங்கள். கடைசிப் பங்கு, கூரைக்கு ஹோஸ் பைப்பால் அரை மணித்தியாலம் தண்ணீர் அடித்து உள்ளே ஒரு சொட்டும் விழவில்லை என்று கண்ட பிறகுதான். மாரிக்கு முன் இதைச் செய்ய மறுக்கிற ஆளிடம் வானை விடவேண்டாம்.

கேள்வி: சுவிசிலிருந்து வாட்ஸ்அப்பில் பார்த்து முழுக்காசும் அனுப்பி வான் வாங்கினேன். ஓபன் பேப்பர், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் போட்ட படிவம். இப்போது லீசிங் கம்பனி வானை இழுத்துக்கொண்டு போய்விட்டது. விற்றவர் போன் எடுப்பதில்லை. (ஊர் முறிகண்டி)

பதில்: லீசிங் முடியாத வாகனத்தின் புத்தகத்தில் 'பூரண உரிமையாளர்' என்று கம்பனியின் பெயர் இருக்கும். மூலப்புத்தகமும் அவர்களிடம்தான் இருக்கும். உங்களுக்குப் போட்டோக்கொப்பியைக் காட்டியிருப்பார்கள், நீங்கள் உள்ளே இருந்த மெத்தையைப் பார்த்திருப்பீர்கள். ஊரில் இத்தனை சொந்தம் இருந்தும் ஒருவரை அனுப்பிப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லவில்லை. வாகனம் கைமாறினால் 14 நாளுக்குள் பெயர் மாற்றவேண்டும், அதையும் செய்யவில்லை. பொலிஸில் மோசடி முறைப்பாடு போடுங்கள், காசு அனுப்பிய ஆதாரத்தோடு சட்டத்தரணியிடம் போங்கள். திரும்பிவரும் என்று நான் ஆறுதல் சொல்லமாட்டேன்.

கேள்வி: காஸ் சிலிண்டரைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறோம். இடம் மிச்சம். சரியா? (ஒட்டுசுட்டான்)

பதில்: இன்றைக்கே வெளியே எடுங்கள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவித் தேங்கும், நீங்கள் படுக்கிற இடத்துக்குக் கீழே. 2021 கடைசியில் நாடு முழுக்க வீடுகளில் காஸ் வெடித்ததை மறந்துபோனீர்களா? அவை சுவரும் கதவும் உள்ள வீடுகள். இது தகரப் பெட்டி.

வானுக்கு 12.5 கிலோ சிலிண்டர் தேவையில்லை, 5 கிலோவோ 2.3 கிலோவோ போதும். உள்பக்கம் அடைத்த தனிப் பெட்டி, அடியில் வெளியே திறக்கும் ஓட்டை, சிலிண்டர் நிமிர்ந்தபடி, பட்டியால் கட்டி. ஓடும்போது ரெகுலேற்றர் மூடியிருக்கவேண்டும். கிறவல் றோட்டில் ஓடிவந்தால் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வீரர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

இன்னொன்று. ஜன்னலைப் பூட்டி அடுப்பை எரியவிட்டோ, பக்கத்தில் ஜெனரேற்றர் போட்டோ படுக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு மணமில்லை. அதற்கு ஒரு சின்ன அலாரம் விற்கிறார்கள், கலர் லைற்றுக்குப் போகிற காசில் அதை வாங்குங்கள்.

கேள்வி: தண்ணீர் மோட்டரும் ஷவரும் அடிக்கடி அடைக்கின்றன. வெள்ளையாக ஏதோ படிகிறது. (செட்டிகுளம்)

பதில்: எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. கேத்தலில் படிவதேதான். ஷவர் தலையைக் கழற்றி வினாகிரியில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். தாங்கியைப் பாவிக்காதபோது வடித்துக் காயவிடுங்கள். குடிக்க ஆர்.ஓ. தண்ணீரைத் தனிக் கானில் வையுங்கள். 'வாழ்நாள் பில்ரர்' என்று விற்பதை வாங்கவேண்டாம். நான் வாங்கினேன், அதன் வாழ்நாள் அடுத்த பொங்கல் வரைதான். தாங்கியை எப்போதும் நிரப்பிக்கொண்டும் ஓடாதீர்கள், 100 லீற்றர் என்றால் 100 கிலோ.

கேள்வி: லண்டன் அண்ணா வருடத்தில் ஒரு மாதம் வருவார். மற்ற நாட்களில் வான் கொட்டிலில் நிற்கிறது. எப்படிப் பராமரிப்பது? (நெடுங்கேணி)

பதில்: எலிதான் முதல் எதிரி. உள்ளே ஒரு பிஸ்கட் துண்டுகூட விடாதீர்கள், வயரைத் தின்ன ஆரம்பித்தால் செலவு பெரிசு. சில்லுக்குக் கீழே பலகை வைத்தால் கறையான் ஏணியில்லாமல் ஏறும், கொங்கிறீட் கல் வையுங்கள். பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். மாதம் ஒருக்கால் வானை வெளியே எடுத்து நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். சும்மா நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணி நிறுத்துவது நன்மையைவிடக் கெடுதல். தறப்பாளால் இறுக்கி மூடவேண்டாம், உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். வருடாந்த லைசன்சும் இன்சூரன்சும் முடிந்த நிலையில் 'சந்தி வரைக்கும்தானே' என்று எடுக்கிற தம்பி நீங்களாக இருந்தால் திறப்பை அம்மாவிடம் கொடுங்கள்.

கேள்வி: ரோசா பஸ் ஒன்றை மாற்ற நினைக்கிறேன். கார் லைசன்ஸ் காணுமா? (பரந்தன்)

பதில்: காணாது. கார் லைசன்ஸ் 3500 கிலோ வரைக்கும்தான்.

கேள்வி: குடும்பத்தோடு ஏ9 வழியாக வந்து வன்னியில் நாலைந்து இரவு தங்க ஆசை. எங்கே நிறுத்தலாம்? (கொழும்பு)

பதில்: கேட்டு நிறுத்துங்கள். மடு மாதா கோயிலிலும் வற்றாப்பளை அம்மன் கோயிலிலும் யாத்திரிகர் தங்குவது காலங்காலமாக நடப்பது. மடுவின் ஆவணித் திருவிழாவிலும் வற்றாப்பளையின் வைகாசிப் பொங்கலிலும் மட்டும் இடம் கிடைப்பது கஷ்டம். மற்றப்படி கோயில் வீதியென்றால் நிர்வாகத்திடம், காணியென்றால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை. குளக்கட்டில் ஏற்றாதீர்கள்.

காட்டோரம் வேண்டாம். யானைக்கு வாழைப்பழ மணம் போதும், உங்கள் பைபர் கதவு அதற்கு ஒரு தடையே இல்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் நிழல் நல்லாயிருக்கிறது என்று றோட்டை விட்டு ஒரு அடியும் இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் எல்லா இடத்திலும் முடியவில்லை. இரவு ஓட்டத்தையும் குறையுங்கள், ஏ9இல் மாடுகள் படுத்திருக்கும், அவற்றுக்குப் பின்லைற் இல்லை.

கேள்வி: வானின் ரொய்லெற் பெட்டியைப் போகிற வழியில் ஏதாவது வாய்க்காலில் கழுவலாமா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: பெயர் ஏன் வேண்டாம் என்று உங்களுக்கே தெரிகிறது. அந்த வாய்க்காலில் கீழே ஒருவர் குளிப்பார். தங்குகிற இடத்தில் கேட்டு மலசலகூடக் குழிக்குள் ஊற்றுங்கள். நீல இரசாயனம் போடாமல் பச்சை வகையைப் போடுங்கள், நீலத்தைக் கொட்டினால் அந்தக் குழியில் கழிவை உக்கவைக்கும் கிருமிகள் சாகும். குழி நிரம்பினால் பவுசர் காசு வீட்டுக்காரருக்கு.